மலைச் சைக்கிள் ஓட்டத்தை வீடியோ எடுப்பது எப்படி: நெல்லைச் சீமைப் பாதைகளுக்கான முழுமையான வழிகாட்டி

நல்ல செல்பேசியோ சிறிய மிரர்லெஸ் கேமராவோ கையில் வைத்துக்கொண்டு, நண்பர் பொத்தை என்னும் சிறு பாறைக் குன்றின் சரிவில் சைக்கிள் இறக்குவதைப் படம்பிடிக்க விரும்பும் பொழுதுபோக்கு வீடியோக்காரருக்காக இது எழுதப்படுகிறது. புதியவர்கள் எடுத்துவரும் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது: நேரில் பார்த்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்ட இறக்கம், திரையில் குளத்துக்கரை வண்டிப்பாதையைப் போலச் சமமாகத் தெரிகிறது. கேமராவின் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓட்டுபவரைத் துரத்துவதிலேயே கவனம் போய்விடுவதால், அவர் சக்கரத்தின் கீழ் இருக்கும் நிலம் படத்துக்குள் வராமலே போகிறது. கீழ்க்காணும் படிகள் அந்த நிலத்தைப் படத்துக்குள் கொண்டுவருவதற்கான வரிசையில் அமைந்துள்ளன.

1. இடமும் அனுமதியும்

பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை, களக்காடு என்ற பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மலைப்பகுதி 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வனத்துறையின் அனுமதியின்றி அதற்குள் நுழைவதே குற்றமாகும். சைக்கிளோடும் கேமராவோடும் காட்டுப்பாதையில் இறங்குவது அதைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். சோதனைச் சாவடி வரை போய்ப் பேசிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புபவர்கள் அரை நாளை இழந்து திரும்புகிறார்கள்.

தொடக்கத்திற்கு அந்த மலைகள் தேவையுமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி செல்லும் வழியெங்கும் நிற்கும் பாறைப் பொத்தைகளும், அவற்றின் அடிவாரச் சரள் பாதைகளும், குளத்துக்கரைகளும் போதுமானவை. மேற்கு மலைத் தொடரைப் பின்னணியில் தொலைவாக வைத்துக்கொண்டு, சமவெளியின் பொத்தையில் ஓட்டத்தைப் படம்பிடிப்பதே என் பார்வையில் அழகும் கூட.

அந்த நிலம் பட்டாவா, புறம்போக்கா, கோயிலுக்கு உரியதா என்பதைப் பக்கத்து ஊர்த் தேநீர்க் கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். பட்டா நிலமானால் உரியவரிடம் ஒரு சொல் கேட்டுவிட வேண்டும். பல பொத்தைகளின் அடியிலோ உச்சியிலோ கோயில் இருக்கும். அங்குச் செருப்பைக் கழற்றும் எல்லை எதுவோ, அதுவே சைக்கிளுக்கும் எல்லை. பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாள்களில் சாஸ்தா கோயில் வழிகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்திறங்குவார்கள். அந்த நாள்களை விட்டுவிடுங்கள்.

தேரியைப் பற்றி ஒரு சொல். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடுகள் புகைப்படத்தில் மயக்கும். சாதாரண மலைச் சைக்கிள் டயரோ அந்த மணலில் புதைந்து நின்றுவிடும். மண் இறுகிய ஓரங்களில் மட்டுமே ஓட்டம் சாத்தியம். தேரியின் சில பகுதிகள் வனத்துறையின் காப்புக்காடு என்பதால், அங்கும் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

2. பருவத்தையும் நேரத்தையும் தேர்தல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் சனவரி, பிப்ரவரி மாதங்களே இந்தச் சீமையில் படம்பிடிக்க ஏற்றவை. சரள் மண் மழையில் இறுகியிருப்பதால் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும்; குளங்களில் தண்ணீர் இருக்கும்; மலைத் தொடரும் தெளிவாகத் தெரியும். சூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல் பெய்துகொண்டிருக்க, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று பணகுடி, காவல்கிணறு, இராதாபுரம் பக்கங்களை உலுக்கிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றில் ஒலியும் கெடும். சைக்கிள் குதிக்கும்போது பக்கவாட்டில் தள்ளப்படும் ஆபத்தும் உண்டு.

நாளின் நேரத்தில் காலைக்கே முதலிடம். மலைகள் மேற்கே இருப்பதால் காலைக் கதிர் அவற்றின் முகத்தில் நேராக விழுந்து, மடிப்புகளைத் துலக்கிக் காட்டும். மாலையிலோ அதே மலை உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே நின்றுவிடுகிறது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் சமவெளிக் கணக்கை நம்பி மாலைக்குத் திட்டமிடுபவர்கள், எதிர்பார்த்ததற்கு முன்பே நிழலில் மாட்டிக்கொள்கிறார்கள். சூரியன் எழும் முன்பே இடத்தில் இருந்து, ஒன்பதரை மணிக்குள் முக்கியக் காட்சிகளை முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு நிழல்கள் சுருங்கிவிடுவதால் பாறையின் கரடுமுரடு படத்தில் தட்டையாகிவிடும். வெக்கையில் செல்பேசியும் சூடேறித் தானாகவே நின்றுபோகும்.

3. முந்தின நாள் எடுத்துவைக்க வேண்டியவை

கேமராவுக்கு: என்டி வடிகட்டிகள் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடிகள்), இரண்டு பேட்டரி, குறைந்தது வி30 தரமுள்ள மெமரி கார்டு. வி30 என்பது வினாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்ற உறுதி. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே வீடியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மெகாபைட் எடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இந்தக் கணக்கைப் போட்டுக் கார்டை எடுத்துச் செல்லுங்கள்.

சைக்கிளுக்கு: மாற்று டியூப், பஞ்சர் சாமான், கைப் பம்பு. உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் இல்லாத பொத்தை இங்கே அரிது. ஒரே இடத்தைப் பல முறை ஓட்டச் சொல்கிறோம் என்பதால், வழக்கமான ஓட்டத்தைவிட முள் ஏறும் வாய்ப்பு அதிகம். டியூப் இல்லாமல் நின்றுபோன படப்பிடிப்புகளே கேமரா கெட்டு நின்றவற்றைவிட அதிகம்.

ஆளுக்கு: தலைக்கவசம், முழங்கால் முழங்கைக் காப்பு, முதலுதவிப் பெட்டி, நினைத்ததைவிட இரண்டு பங்கு தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். செல்பேசியில் சிக்னல் எந்த இடம் வரை கிடைக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால்தான், 108-ஐ அழைக்க எங்கே ஓடவேண்டும் என்பது தெரியும்.

உடையின் நிறத்தையும் முன்பே பேசிவிடுங்கள். செம்மண்ணில் சிவப்பும் பாறை நிழலில் கறுப்பும் காணாமல் போகும். வெள்ளைச் சட்டை வெயிலில் வெளிறிவிடும். மஞ்சளோ அடர்நீலமோ எந்த நிலத்திலும் எடுபடும்.

4. கேமராவை எடுக்காமல் பாதையை நடந்து பாருங்கள்

புதியவர்கள் தவறாமல் தாண்டிச் செல்லும் படி இது. வந்ததும் கேமராவை மாட்டிக்கொண்டால், ஏறும்போது கண்ணில் பட்ட முதல் இடத்திலேயே நின்றுவிடுவோம். ஓட்டுபவரோடு மேலிருந்து கீழே ஒருமுறை நடந்து வாருங்கள். நடக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், எதைக் காலால் தட்டிப் பார்க்கிறார், எந்தக் கல்லைக் குனிந்து அப்புறப்படுத்துகிறார் என்று கவனியுங்கள். அவர் தயங்கும் இடமே படத்தின் மையம்.

எடுத்துக்காட்டாக, நாற்பது மீட்டர் சரிவொன்றில் மேலே தளர்ந்த சரள், நடுவில் முழங்கால் உயரப் பாறைப் படி, கீழே வலப்பக்கம் திரும்பும் வளைவு என்று வைத்துக்கொள்வோம். வெளியாள் கண்ணுக்குப் பாறைப் படிதான் பெரிது. ஓட்டுபவரைக் கேட்டால், படி எளிது என்றும், அதற்கு முன்னுள்ள சரளில் பிரேக் பிடிக்க முடியாததால் வேகத்தோடுதான் படிக்கு வந்து சேர வேண்டியிருப்பதே கடினம் என்றும் சொல்வார். அப்படியானால், படியை மட்டும் நெருக்கமாக எடுத்துப் பயனில்லை. சரளில் பின்சக்கரம் வழுக்குவதும் படியும் ஒரே காட்சியில் தொடர்ந்து தெரியவேண்டும். இந்தத் தகவல் நடக்காமல் கிடைக்காது.

மூன்று அல்லது நான்கு நிற்குமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும், சைக்கிள் வழுக்கி வந்தால் எந்தப் பக்கம் விழும் என்று ஓட்டுபவரிடமே கேட்டு, அந்தப் பக்கத்தை விலக்கிவிடுங்கள். வளைவின் வெளிப்புறத்தில் நிற்பது மிகப் பெரிய தவறு.

5. கேமரா அமைப்புகளை ஒருமுறை வைத்துப் பூட்டுங்கள்

வினாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம், 1/50 வினாடி. 50 ஃபிரேம் எடுத்தால் 1/100. ஃபிரேம் எண்ணிக்கையின் இரு மடங்கு என்ற இந்தக் கணக்கில்தான் சக்கரமும் தரையும் அளவாகக் கலங்கி, கண் வேகத்தை உணர்கிறது. ஷட்டரைத் தானியங்கியில் விட்டால், நெல்லை வெயிலுக்கு அது 1/2000 வரை ஏறிவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் வெட்டிவைத்தாற்போல் நின்று, ஓட்டம் விட்டு விட்டுத் துடிப்பதாகத் தெரியும்.

ஷட்டரை இப்படிக் குறைத்தவுடன் படம் வெளிறிப் போகும். அதற்குத்தான் என்டி வடிகட்டி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/100 என்றால் எஃப் 16-இல் ஒளி சரியாக இருக்கும்; எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது. 1/50-க்கு வந்தால் ஒரு ஸ்டாப் கூடும், அதாவது ஒளி இரு மடங்காகும். பின்னணி சற்று மென்மையாக இருக்க எஃப் 5.6-க்கு வந்தால் மேலும் மூன்று ஸ்டாப் கூடும். ஆக நான்கு ஸ்டாப்பைக் குறைக்கும் என்டி 16 தேவை. பெரும்பாலான செல்பேசிகளின் துளையை மாற்ற முடியாது, எஃப் 1.8 அளவில் திறந்தே இருப்பதால் என்டி 64 அல்லது அதைவிட வலுவானது வேண்டியிருக்கும். ஷட்டரைக் கையால் அமைக்க, பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலி உதவும்.

வெண்சமநிலையையும் (நிறங்களைக் கேமரா சமன்செய்யும் அமைப்பு) 5500 கெல்வின் அளவில் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால், சட்டகம் முழுவதும் செம்மண் நிறையும்போது கேமரா அதைச் சமப்படுத்த முயன்று மண்ணைச் சாம்பலாகவும் வானத்தை மிகை நீலமாகவும் ஆக்கிவிடும். நம் மண்ணின் நிறம் போய்விட்டால், இதை எந்த ஊரில் எடுத்தாலும் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் 120 ஃபிரேமில் எடுத்து மெதுவாக்கும் ஆசை பலருக்கும் வருகிறது. வேகம்தான் இந்த ஓட்டத்தின் உயிர். மெதுவோட்டத்தைப் பாறைப் படி போன்ற ஒரே இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. சரிவு தெரியும்படி நிற்பது

கேமராவின் அகல லென்ஸ் சரிவைத் தின்றுவிடும். மேலே நின்று கீழ்நோக்கி எடுத்தாலும் சரிவு மறையும். ஓட்டுபவர் சமதரையில் விலகிப் போவதாகவே தோன்றும். சரிவைக் காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, பக்கவாட்டில் நின்று, நேராக நிற்கும் ஏதேனும் ஒன்றைச் சட்டகத்துக்குள் சேர்ப்பது. நமக்குப் பனைமரம் இருக்கிறது. பனைக்கும் அதன் அடித் தரைக்கும் இடையிலுள்ள கோணத்தைக் கண்டவுடன், பார்ப்பவருக்குச் சரிவின் அளவு விளங்கிவிடும். தெற்கே போனால் காற்றாலைக் கம்பம் அதே வேலையைச் செய்யும். காற்றுக்குச் சாய்ந்து வளர்ந்த உடைமரம் உதவாது. இங்கே நடக்கும் தவறு, கேமராவைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்துப் பிடிப்பது. அப்படிச் செய்தால் பாதை சமமாகி, பனை சாய்ந்துவிடும். நாம் சரிவில் நிற்கும்போது உடல் தன்னறியாமலே சாய்வதால் இது நேர்கிறது. திரையில் மட்டக் கோட்டைப் போட்டுவைத்து, அதை மட்டும் நம்புங்கள்.

இரண்டாவது, கீழே தொலைவில் நின்று, நீளமான லென்ஸால் மேல்நோக்கி எடுப்பது. 85 முதல் 135 மில்லிமீட்டர், செல்பேசியானால் மூன்று மடங்கு லென்ஸ். பின்னாலுள்ள சரிவு சுவரைப் போல எழுந்து நிற்க, ஓட்டுபவர் அதிலிருந்து இறங்கி நம்மை நோக்கி வருவார். கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்தால் முன்னாலுள்ள கற்களும் சட்டகத்துக்குள் வரும்.

நிற்குமிடங்கள் அனைத்தும் பாதையின் ஒரே பக்கமாக இருக்கட்டும். ஒரு காட்சியில் இடமிருந்து வலமாகப் போனவர் அடுத்ததில் வலமிருந்து இடமாகப் போனால், திரும்பி வருகிறார் என்றே பார்ப்பவர் நினைப்பார். பக்கம் மாறியே ஆகவேண்டுமென்றால், நடுவே நேர் எதிரில் வரும் காட்சியொன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. குவியமும் கேமராவைத் திருப்புவதும்

தானியங்கிக் குவியம் (ஆட்டோ ஃபோகஸ்) பனைமட்டையையும் புதரையும் பிடித்துக்கொண்டு ஓட்டுபவரை விட்டுவிடும். அவர் கடக்கும் புள்ளியில் ஒரு கல்லை வைத்து, அதில் குவியத்தைப் பூட்டி, பிறகு கல்லை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் அது சக்கரத்துக்கு அடியில்தான் இருக்கும்.

கேமராவைத் திருப்பி எடுக்கும்போது, பாதங்களையும் இடுப்பையும் ஓட்டம் முடியும் திசைக்கு வைத்து, மேலுடலை மட்டும் தொடக்கத்துக்கு முறுக்கிக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் வர வர முறுக்கு அவிழ்வதால் முடிவு நிலையாக இருக்கும். தொடக்கத்தை நோக்கிப் பாதம் வைப்பவர்களுக்கு, முக்கியமான இறுதிக் கணத்தில் உடல் முறுகி, கை நடுங்கும். அவர் சட்டகத்தை விட்டுப் போன பின்னும் இரண்டு வினாடி பதிவை நிறுத்தாதீர்கள். புழுதி அடங்கும் அந்த இரண்டு வினாடியில்தான் பின்னர் வெட்ட இடம் கிடைக்கும்.

8. எதை முதலில் எடுப்பது

கடினமான பாறைப் படியை உச்சக்கட்டம் என்று கருதிக் கடைசிக்கு வைப்பதே பெரும்பாலோர் வழக்கம். படத்தில் அது கடைசியில் வரட்டும். படப்பிடிப்பில் வரக் கூடாது. கடைசி வேளையில் ஓட்டுபவரின் கையும் காலும் தளர்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்கும், விழுவதும் அப்போதுதான் நடக்கும்.

கேமரா இல்லாமல் ஓரிரு சுற்று உடல் சூடேற ஓட்டட்டும். அடுத்துத் தொலைவிலிருந்து அகலக் காட்சிகளை எடுங்கள். இவற்றில் அவர் முழு வேகத்தில் போகத் தேவையில்லை. உடலும் பாதையும் பழகிய பின் பாறைப் படிக்கு வாருங்கள். அதற்கு இத்தனை முறைதான் என்று முன்பே பேசிக்கொண்டு, அதோடு நிறுத்துங்கள். “அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு தடவை” என்ற சொல் எடுப்பவர் வாயிலிருந்து வரவே கூடாது; கேட்டால் நட்புக்காக மறுக்காமல் ஏறிவிடுவார்கள். இன்னொரு முறை ஓட்டுவதும் வேண்டாமென்பதும் ஓட்டுபவரின் முடிவு. கைப்பிடியை இறுக்கும் விரல், பிரேக், செயின், வியர்வை வழியும் முகம் ஆகிய நெருக்கக் காட்சிகளைக் கடைசியில் எடுக்கலாம். களைப்பு அங்கே படத்துக்கு நல்லதுதான்.

ஒவ்வொரு முறையும் எடுப்பவர் கையை உயர்த்த வேண்டும். அதைப் பார்த்த பின் ஓட்டுபவர் “வாரேன்” என்று குரல் கொடுத்து இறங்க வேண்டும். கீழே ஆடு மேய்ப்பவர் இருந்தால் இந்த ஏற்பாட்டை அவரிடமும் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் குரல் தனக்குத்தான் என்று எண்ணி அவர் பாதைக்கே வந்து நிற்பார். ஆட்டுக்கிடாய்களுக்குச் சொல்லிப் பயனில்லை. அவை கடந்து போகும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

9. ஓட்டுபவர் உடலில் பொருத்தும் கேமரா

தலைக்கவசத்தில் பொருத்தினால் பாதை மட்டும் தெரியும், அதுவும் தட்டையாக. மார்புப் பட்டையில் பொருத்தினால் கைப்பிடி, முழங்கை, முன்சக்கரம் எல்லாம் சட்டகத்தில் சேர்வதால் நிலத்தின் அதிர்வு அந்தக் கைகளில் தெரியும். நின்ற நிலையில் சரியாக இருக்கும் கோணம், குனிந்து ஓட்டும்போது தரையை நோக்கிவிடும் என்பதால், ஓட்டும் நிலையில் அவரைச் சைக்கிளில் நிற்க வைத்துக் கேமராவை மேல்நோக்கிச் சரிசெய்யுங்கள். கைப்பிடியில் பொருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை; அதிர்வில் படம் தளும்பும்.

படி 5-இல் சொன்ன ஷட்டர் கணக்கு இங்குப் பொருந்தாது. மின்னணு நிலைப்படுத்தல் அசைவை நீக்கிவிடும். மெதுவான ஷட்டரில் பதிந்த கலங்கலை அதனால் நீக்க முடியாது. ஆகவே 1/200-க்கு மேல் வையுங்கள். நிலைப்படுத்தலையும் உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பாறை மேல் போகிறவர் தார்ச்சாலையில் போவதாகத் தெரியும்.

10. ஒலி

சரளில் டயர் அரைபடும் ஓசையும், பின்சக்கர ஹப்பின் டிக் டிக் ஓசையும் இல்லாத படம் பாதிப் படம். மைக்கின் மேல் ரோம உறை கட்டாயம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மெதுவோட்டக் காட்சிகளுக்கு ஒலி பயன்படாது என்பதால், அதே இடத்தில் ஒரு முறை ஒலிக்காக மட்டும் ஓட்டச் சொல்லி, பாதையின் ஓரத்தில் தரைக்கு அருகே மைக்கை வைத்துப் பதிந்துகொள்ளுங்கள்.

11. டிரோன்

முதல் சில படங்களுக்கு டிரோன் வேண்டாம்; மேலிருந்து நேராகப் பார்க்கும் காட்சியும் சரிவைத் தட்டையாக்கும். பறக்கவிடுவதென்றால், 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசுத் தளத்தின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்து, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டருக்குள் மட்டும் பறக்கவிடுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், புலிகள் காப்பகம் ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். வாகைக்குளம் விமான நிலையம் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருப்பதையும் மறக்க வேண்டாம்.

12. நகலெடுத்தலும் வெட்டுதலும்

அன்று மாலையே கார்டிலுள்ளதை இரண்டு இடங்களில் நகலெடுத்த பின்புதான் கார்டை அழிக்க வேண்டும். லென்ஸைத் துணியால் துடைப்பதற்கு முன் ஊதுபந்தால் ஊதுங்கள். தேரி மணல் துகளோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு வெட்டுவதற்குப் போதும். இசையை முதலில் போட்டு, அதன் தாளத்துக்குப் படத்தை நறுக்குவதைத் தவிர்த்து, பாதையின் வரிசையில் காட்சிகளை அடுக்குங்கள். சரள், படி, வளைவு என்று நிலம் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் பார்ப்பவரும் இறங்கினால்தான், படிக்கு முன்னுள்ள வழுக்கல் அவருக்கு விளங்கும். தொடக்கத்தில் முழுச் சரிவையும் காட்டும் அகலக் காட்சியை நான்கைந்து வினாடியாவது விடுங்கள். அதன் பின் வெட்டுகள் எவ்வளவு வேகமாக வந்தாலும், ஓட்டுபவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பது பார்ப்பவருக்குக் குழம்பாது.

வெளியிடுமுன் ஓட்டுபவரிடம் ஒருமுறை காட்டுங்கள். விழுந்த காட்சியைச் சேர்ப்பதா என்பதை அவரே சொல்லட்டும். பட்டா நிலத்தில் எடுத்ததானால், இடத்தைச் சரியாகக் காட்டும் வரைபடக் குறியைப் படத்தோடு இணைப்பதற்கு நிலத்துக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.